கொடைக்கானலில் ஓடும் ஷெல்டன் கடிகாரம்

ஷெல்டன் கடிகாரம் என்பது இலண்டன் நகரில் தொழில் நடத்திய ஜான் ஷெல்டன் (1712–1777) என்ற கடிகாரக் கைவினைஞர் செய்த ஊசல் கடிகாரமாகும். மதராஸ் வானாய்வகத்தின் தொடக்க காலக் கருவிகளுள் ஒன்றான இது, இப்போது கொடைக்கானல் வானாய்வகத்தில் உள்ளது. செய்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஓடும் நிலையில் உள்ள கடிகாரம் என்பது இதன் சிறப்பு. கேப்டன் ஜேம்ஸ் குக் 1769இல் தாகித்தித் தீவுக்கு எடுத்துச் சென்ற கடிகாரமும் ஷெல்டன் செய்ததே. கொடைக்கானலில் இருப்பது அதே அமைப்பைக் கொண்டது. இக்கட்டுரை இக்கடிகாரத்தின் வரலாற்றையும், அது எவ்வாறு இயங்குகிறது என்பதையும், தமிழ்நாட்டின் காலக் கணக்கில் வானாய்வகக் கடிகாரங்களுக்கு இருந்த இடத்தையும் விளக்குகிறது.

ஒரு மாணவனின் கேள்வி

ஆண்டிமடம் பகுதியில் நான் ஆசிரியராக இருந்த காலத்தில், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் தட்டித்தான் பள்ளியில் மணி அடிப்பார்கள். மணி அடிப்பவர் தலைமையாசிரியர் அறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அடிப்பார். அந்தக் கடிகாரத்தைத் தலைமையாசிரியர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருத்துவார். கைக்கடிகாரத்தை வானொலிச் செய்தி தொடங்கும்போது திருத்திக்கொள்வார். இதையெல்லாம் கவனித்திருந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், “சார், ரேடியோக்காரங்க எதைப் பார்த்துத் திருத்துவாங்க?” என்று கேட்டான். அன்று எனக்குத் தெரிந்த அளவில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் கேட்டதற்கு முழு விடை தேடிப் போனால், ஒரு காலத்தில் அந்த வழி மதராஸ் நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில் போய் முடியும். அங்கே இருந்தவர்கள் தம் கடிகாரத்தை எதைப் பார்த்துத் திருத்தினார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் மையம்.

கடிகாரத்துக்கு முந்திய பொழுதளவு

இயந்திரக் கடிகாரம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழர் பொழுதை அளந்து வந்தனர். ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம். அடியில் சிறு துளை உள்ள வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தைக் கொண்டு அளப்பது ஒரு முறை. அதற்கு நாழிகை வட்டில் என்று பெயர். சங்க இலக்கியமான முல்லைப்பாட்டில், பாசறையில் நீர்க்கருவியைக் கொண்டு பொழுது கணித்து அரசனுக்கு அறிவிப்போர் வருகின்றனர். பகலில் நிழலைக் காலடியால் அளந்து பொழுது சொல்லும் வழக்கமும் கிராமங்களில் இருந்தது.

இவை அன்றாட வாழ்வுக்குப் போதுமானவை. ஆனால் ஓர் ஊர் பூமியில் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று கணிக்க விநாடிக் கணக்கில் துல்லியம் வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. 1 பாகைக்கு 4 நிமிடம். நேரத்தில் 4 விநாடி பிழைத்தால், நிலநடுக்கோட்டுப் பகுதியில் இடத்தில் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர் பிழைக்கும். கப்பல்களும் நில அளவையாளர்களும் நல்ல கடிகாரத்துக்கு ஏங்கிய காரணம் இதுவே.

ஜான் ஷெல்டன்

18ஆம் நூற்றாண்டில் இலண்டன் நகரம் கடிகாரத் தொழிலின் தலைநகராக விளங்கியது. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்தவர் ஜார்ஜ் கிரகாம். வானாய்வகங்களுக்கான உயர்ந்த கடிகாரங்கள் அவரிடமிருந்து சென்றன. அவருக்காக அத்தகைய கடிகாரங்களைச் செய்து கொடுத்தவர்களுள் ஷெல்டன் முதன்மையானவர். 1751இல் கிரகாம் மறைந்த பின், தம் பெயரிலேயே வானியல் கடிகாரங்களைச் செய்தார்.

வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் அரிய நிகழ்வு 1761, 1769 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்தது. உலகின் பல இடங்களிலிருந்து அதை ஒரே சமயத்தில் நோக்கி, கடக்கும் நேரத்தைக் குறித்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைக் கணிக்கலாம். இதற்காக இலண்டன் ராயல் சொசைட்டி ஷெல்டனின் கடிகாரங்களைப் பயன்படுத்தியது. 1769 ஜூன் 3 அன்று தாகித்தியில் குக் குழுவினர் வெள்ளிக் கடப்பைக் குறித்தது அத்தகைய கடிகாரத்தின் துணையோடுதான். அதே நிகழ்வை நோக்குவதற்காகப் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல் புதுச்சேரியில் காத்திருந்தார். 1761இல் போர் காரணமாக அவரால் புதுச்சேரியில் இறங்க முடியவில்லை. 1769இல் கருவிகளெல்லாம் தயாராக இருந்தும் மேகம் மறைத்துவிட்டது. எவ்வளவு நல்ல கடிகாரம் இருந்தாலும் வானம் தெளிந்தால்தான் பயன் என்பதற்கு அவர் கதை சான்று.

கடிகாரத்தின் உள்ளே

வானியல் கடிகாரத்தைக் கண்டதும் பலருக்கு ஏமாற்றம் வரும். மணி அடிக்காது, சித்திர வேலைப்பாடு இருக்காது. நேரத்தைப் பிழையின்றிக் காட்டுவதற்கு உதவாத எதையும் இவ்வகைக் கடிகாரத்தில் சேர்ப்பதில்லை. இதன் அழகு உள்ளே இருக்கும் இரண்டு அமைப்புகளில் உள்ளது.

முதலாவது, பல்சக்கரம் ஓடிவிடாமல் தடுத்து, ஊசலின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பல்லாக விடுவிக்கும் பொறி. எஸ்கேப்மென்ட் எனப்படுவது இதுவே. நாம் கேட்கும் ‘டிக் டிக்’ ஒலி, பல் வந்து தட்டுவதால் எழுவது. பழைய வகைப் பொறியில், பல் தட்டியதும் சக்கரம் சற்றுப் பின்னால் உந்தப்படும். விநாடி முள் ஒவ்வொரு முறையும் நடுங்கும். அந்த உந்தல் ஊசலின் இயல்பான ஆட்டத்தைக் கெடுக்கும். கிரகாம் 1715ஆம் ஆண்டை ஒட்டிக் கையாளத் தொடங்கிய பொறியில், பல் வந்து அமரும் முகம் வட்ட வில்லாக அரைக்கப்பட்டிருக்கும். ஆகையால் சக்கரம் பின்வாங்காது. விநாடி முள் ஓரிடத்தில் அசையாமல் நின்று அடுத்த இடத்துக்குத் தாவும். சக்கரத்தில் 30 பல். ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று. அந்தப் பற்களை அரத்தால் ஒரே அளவாக ராவி மெருகேற்றுவதில்தான் கைவினைஞரின் திறமை தெரியும்.

இரண்டாவது, ஊசல். ஊசலின் நீளம் கூடினால் ஆட்டம் மெதுவாகும். வெயிலில் இரும்பு நீளும் என்பது மாணவர்கள் அறிந்ததே. எஃகுக் கம்பியால் ஆன ஊசல், வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 விநாடி பின்தங்கும். இதற்கு ஜான் ஹாரிசன் என்ற தச்சர் 1726 வாக்கில் தீர்வு கண்டார். பித்தளை எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாக விரியும். எஃகுக் கம்பிகள் குண்டைக் கீழே இறக்கும்போது, பித்தளைக் கம்பிகள் அதை மேலே தூக்கும்படி மாற்றி மாற்றி ஒரு சட்டமாகக் கோத்துவிட்டார். ஒன்றின் விரிவை மற்றொன்று ஈடுசெய்வதால் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். கம்பிகள் வரிசையாக நிற்பதால் இதைக் கம்பிச் சட்ட ஊசல் எனலாம். கொடைக்கானல் கடிகாரத்தில் இருப்பது இவ்வகை ஊசலே.

மதராசுக்கு வந்த வரலாறு

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் அமைத்தார். அவரிடம் தொலைநோக்கிகளோடு இரண்டு வானியல் கடிகாரங்களும் இருந்தன. அவர் தம் கருவிகளைக் கம்பெனிக்கு அளித்தார். ஆளுநர் சர் சார்லஸ் ஓக்லி காலத்தில், மைக்கேல் டாப்பிங் வடிவமைப்பில், 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகக் கட்டடம் எழுந்தது. தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நடப்பட்ட கருங்கல் தூண் அங்கே இன்றும் உள்ளது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அதில் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. அந்த வளாகத்தில் இப்போது வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது.

ஷெல்டன் 1777இலேயே மறைந்துவிட்டார். தம் கைவேலை நுங்கம்பாக்கத்தில் ஓடப்போவதை அவர் அறிந்திருக்க வழியில்லை. கடிகாரமும் அப்படியே ஓடிவிடாது. இலண்டனில் சரியாக ஓடும் ஊசலைச் சென்னைக்குக் கொண்டுவந்தால், ஒரு நாளைக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகப் பின்தங்கும். பூமி துருவங்களில் தட்டையாகவும் நடுவில் பருத்தும் இருப்பதாலும், சுழற்சியின் விளைவாலும், தெற்கே வர வர ஈர்ப்பு சிறிது குறைகிறது. குண்டைச் சற்று உயர்த்தித்தான் இவ்வூருக்கு இசைவாக்க முடியும். வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம், மதராசில் விநாடி ஊசலின் நீளம் எவ்வளவு என்று சோதனை செய்து 1822இல் கட்டுரை வெளியிட்டார். பூமியின் வடிவத்தை அறிய அத்தகைய சோதனைகள் உதவின.

பிழையும் பிழையின் ஒழுங்கும்

நல்ல கடிகாரம் என்றால் பிழையே இல்லாதது என்று நாம் எண்ணுகிறோம். வானியலாளர் அப்படி எண்ணவில்லை. எந்தக் கடிகாரமும் சிறிது முந்தும் அல்லது பிந்தும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டனர். அவர்கள் கேட்டது வேறு: நாள்தோறும் ஒரே அளவாகப் பிந்துகிறதா?

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கடிகாரம் நாள்தோறும் 3 விநாடி பிந்துகிறது. பத்தாம் நாள் அது 30 விநாடி பின்னால் இருக்கும் என்று நமக்குத் தெரியும். கூட்டிக்கொண்டால் சரியான நேரம் கிடைத்துவிடும். இன்னொரு கடிகாரம் ஒருநாள் 1 விநாடி முந்துகிறது, மறுநாள் 2 விநாடி பிந்துகிறது, அடுத்த நாள் சரியாக இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவதுதான் நல்லது போலத் தோன்றும். ஆனால் பத்தாம் நாள் அது எங்கே நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே முதல் கடிகாரமே மேலானது. ஷெல்டன் போன்றோர் பொறியையும் ஊசலையும் அவ்வளவு பாடுபட்டுச் செய்தது, பிழையை ஒழுங்குக்குள் கொண்டுவருவதற்காகத்தான்.

அந்தப் பிழையை எதைக் கொண்டு அறிவது? மாணவன் கேட்ட கேள்விக்கு இங்கேதான் விடை. விண்மீன்களைக் கொண்டு அறிந்தார்கள். ஒரு விண்மீன் வடக்கு–தெற்காகச் செல்லும் உச்சிக்கோட்டைக் கடந்து, மறுபடி அதே கோட்டைக் கடக்க 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகும். உச்சிக்கோட்டில் மட்டும் மேலும் கீழும் திரும்பும்படி பொருத்திய தொலைநோக்கியில் நுண்ணிய கம்பிகள் இருக்கும். நோக்குபவர் கண்ணால் விண்மீனையும் காதால் கடிகாரத்தின் ‘டிக்’ ஒலியையும் ஒருங்கே பின்தொடர்ந்து, கம்பியை விண்மீன் கடந்த கணத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட்டு எழுதுவார். முதன்மைக் கடிகாரம் வானமே. கூடத்தில் நின்ற கடிகாரம், ஒரு விண்மீன் நோக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் நேரத்தைச் சிந்தாமல் எடுத்துச் செல்லும் பாத்திரம்.

கடிகாரத்தோடு விழித்திருந்தவர்கள்

கடிகாரத்தின் பெயர்ப்பலகையில் செய்தவர் பெயர் இருக்கும். ஆண்டாண்டு காலம் சாவி கொடுத்தவர், எண்ணெய் இட்டவர், இரவெல்லாம் விழித்துக் குறிப்பெழுதியவர் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. தெரிந்த பெயர்களுள் முதன்மையானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த இவர், இளம் வயதிலேயே மதராஸ் வானாய்வகப் பணியில் சேர்ந்தார். நார்மன் போக்சன் தலைவராக இருந்தபோது முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1874இல் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடக்கவிருந்தபோது, மக்களுக்கு அதை விளக்கும் நூலை எழுதி இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். நேரில் நோக்கிப் பெற்ற அளவுகளோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவரும் இவரே. 1880இல் மறைந்தார்.

பழைய வாக்கியக் கணிதம் வானத்திலிருந்து விலகும்போது எதைத் திருத்துவது என்ற கேள்வி அவர் முன் இருந்தது. வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. கடிகாரத்தோடு பழகியவருக்கு அது இயல்பான முடிவுதான்.

மதராஸ் நேரம்

கோல்டிங்ஹாம் 1802இல் மதராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையைக் கிழக்கே 80 பாகை 18 நிமிடம் 30 விநாடி எனக் கொண்டார். அதன்படி மதராஸ் நேரம் கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் இடையில் மதராஸ் நேரம் அமைந்ததால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்வேக்கள் அதையே பொதுவாகக் கையாண்டன. மதராஸ் நகரில் வானாய்வகத்தின் குறிப்புப்படி இரவு 8 மணிக்குப் பீரங்கி வெடித்து நேரம் அறிவிக்கப்பட்டது. 1906 சனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. மதராஸ் நேரம் அதைவிட ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியிருந்தது.

இங்கே ஒரு பாடம் உண்டு. அந்த வானாய்வகத்தின் உண்மையான தீர்க்கரேகை ஏறத்தாழ 80 பாகை 15 நிமிடம். கோல்டிங்ஹாம் கொண்ட அளவில் இருந்த பிழை தரையில் ஆறு கிலோமீட்டருக்கு மேல். நேரத்தில் ஏறத்தாழ 15 விநாடி. வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தைக் கொண்டு தீர்க்கரேகை காண்பது அக்காலத்து முறை. அது கடினமானது. பிற்காலத்தில் தந்தி வந்த பிறகு பிழை தெரியவந்தது. வரைபடங்களின் தீர்க்கரேகையும் திருத்தப்பட்டது. எழுதி வைத்த குறிப்புகள் இருந்ததால்தான் எங்கே, எவ்வளவு பிழை என்று பின்வந்தவர்கள் கண்டுபிடிக்க முடிந்தது.

மலையேறிய கடிகாரம்

1899இல் வானாய்வுப் பணி மதராசிலிருந்து கொடைக்கானலுக்கு மாறியது. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்த கொடைக்கானல் வானாய்வகம் சூரிய ஆய்வுக்குப் பெயர் பெற்றது. இப்போது அது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. மலை உயரத்தில் ஈர்ப்பு இன்னும் சிறிது குறையும். ஊசலை மறுபடி இசைவாக்க வேண்டும். இலண்டன், மதராஸ், கொடைக்கானல் என மூன்று ஈர்ப்புகளுக்கு ஒரே ஊசல் பழகியிருக்கிறது.

இன்று கைப்பேசி காட்டும் நேரத்தின் அடிப்படை அணுக் கடிகாரம். துல்லியத்தில் எந்த ஊசலும் அதன் அருகில் வர முடியாது. 1987 முதல் ஓசூரிலிருந்து வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரங்கள் சாவி கொடுக்கும் வேலையையே நம்மிடமிருந்து எடுத்துவிட்டன. எங்கள் தலைமுறையினர் வேலைக்குச் சேர்ந்ததும் ஆசையாய் வாங்கிக் கட்டிய எச்.எம்.டி. கடிகாரங்களின் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஆயினும் தனி மனிதர் தம் பட்டறையில் பொறியமைத்துக் கடிகாரம் செய்யும் மரபு உலகில் அறுந்துவிடவில்லை. இங்கிலாந்தின் ஜார்ஜ் டேனியல்ஸ் (1926–2011), கடிகாரத்தின் ஏறத்தாழ எல்லாப் பகுதிகளையும் தாமே செய்தவர். உராய்வு குறைந்த புதிய எஸ்கேப்மென்ட் ஒன்றையும் உருவாக்கினார். 1999இல் சுவிஸ் நிறுவனமான ஒமேகா அதைத் தன் கைக்கடிகாரங்களில் பயன்படுத்தத் தொடங்கியது. கிரகாமும் ஷெல்டனும் எதிர்கொண்ட அதே சிக்கலைத்தான் அவரும் எதிர்கொண்டார்: ஆடுவதைத் தொந்தரவு செய்யாமல் அதற்கு எப்படி உந்துதல் கொடுப்பது?

மாணவர்கள் செய்து பார்க்க

உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நீங்களே வானத்தோடு ஒப்பிடலாம். செலவு எதுவும் இல்லை.

ஒன்று: தெளிந்த இரவில் வாசலில் ஓரிடத்தில் அமர்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பிரகாசமான ஒரு விண்மீன் எதிர்வீட்டுச் சுவரின் செங்குத்து விளிம்பில் மறையும் நேரத்தைக் கடிகாரத்தில் குறியுங்கள். கோள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவை இடம் மாறும். சில நாள் கழித்து, அதே இடத்தில் தலையை அதே நிலையில் வைத்து மறுபடி குறியுங்கள். விண்மீன் ஒரு நாளைக்கு 3 நிமிடம் 56 விநாடி முன்னதாக மறையும். பத்து நாளில் 39 நிமிடம் 20 விநாடி. உங்கள் குறிப்பு இதிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறதோ, அதுவே அந்த நாள்களில் உங்கள் கடிகாரம் முந்திய அல்லது பிந்திய அளவு. தலை சற்று நகர்ந்தாலும் சில விநாடி பிழைக்கும் என்பதால், பல நாள் குறித்துச் சராசரி காண்பது நல்லது.

இரண்டு: முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறியுங்கள். ஆண்டிமடம் ஏறத்தாழ 79.4 பாகைத் தீர்க்கரேகையில் உள்ளது. இந்திய நேரத்துக்கு அடிப்படையான 82½ பாகைக்கு நாம் 3.1 பாகை மேற்கே இருக்கிறோம். ஆகவே ஏப்ரல் 15, செப்டம்பர் 1 ஆகிய நாள்களை ஒட்டி நம் ஊரில் உச்சிப்பொழுது 12 மணி 12 நிமிடம் அளவில் வரும். பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால், பிப்ரவரியில் 12 மணி 26 நிமிடம் வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும்.

குறிப்பேட்டில் நாள், நேரம், பிழை மூன்றையும் எழுதி வையுங்கள். பிழை வந்தால் அழிக்க வேண்டாம். நுங்கம்பாக்கத்தில் விழித்திருந்தவர்களும் இதையேதான் செய்தார்கள். அன்று அந்த மாணவனுக்கு நான் சொல்லத் தவறிய விடையும் இதுதான்: ரேடியோக்காரர்கள் வாங்கிய நேரம் ஒரு கடிகாரத்திலிருந்து வந்தது, அந்தக் கடிகாரத்தை யாரோ ஒருவர் இரவில் கண்விழித்து விண்மீனோடு ஒப்பிட்டிருந்தார்.